ஈறு நிறத்தில் ஒரு லாரி

அவள் பல் கட்டுபவள். டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் அச்செடுத்து அனுப்ப, அதை வைத்துப் பல்செட் செய்து கொடுக்கும் கூடம் ஒன்றில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்க்கிறாள். தான் செய்த பல் யார் வாயில் போய் உட்காருகிறது என்று அவளுக்குத் தெரியாது. அதனால் தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அவள் கண் நேராகப் பல்லுக்குத்தான் போகும், நம்ம கைவேலையாக இருக்குமோ என்று. நகர நூலகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர், வெளியே போகும்போதெல்லாம் அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். அந்த ஆளை அப்படி உற்றுப் பார்க்காதே, தப்பாக நினைத்துக்கொள்ளப் போகிறார் என்பார்.

அப்படிப்பட்டவள் ஒரு லாரி கட்டினாள். இடுப்பில் இடுக்கிக்கொண்டு போகிற அளவுதான். ரிமோட்டில் ஓடும், பாறை பாறையாக ஏறும். எதற்காகக் கட்டினாள் என்பதைச் சொல்ல, மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மழைநாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அன்று மத்தியானம் இருவரும் மலைப்பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். வளைவில் கார் வழுக்கியது. தடுப்பில்லாத இடமாகப் பார்த்து ரோட்டை விட்டு இறங்கி, சரிவில் சறுக்கி, ஒரு பாறையில் மோதிப் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. கணவரின் கால் நசுங்கிய தகட்டுக்குள் மாட்டிக்கொண்டது, அவருக்கு நினைவில்லை. அவள் அசைந்தால் காரும் அசைந்தது. மேலே ரோட்டில் கூட்டம் கூடிவிட்டது, தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. ஆனால் மேலேயிருந்து இழுத்தால் கார் பாறையை விட்டு நழுவிப் பள்ளத்துக்குள் போய்விடும் போலிருந்தது. தைரியமாகக் கைவைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அப்போதுதான் அந்த ரெக்கவரி வண்டி வந்தது. விபத்தில் சிக்கிய வண்டிகளைத் தூக்குகிற பழைய லாரி. ஆரஞ்சு நிற முகப்பு, அதில் ஒரு கதவு மட்டும் நீலம், வேறு ஏதோ வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது. ஓட்டுநர் ரோட்டோரம் நின்று கீழே பார்த்தார், தாடையைத் தடவினார், ஏறி உட்கார்ந்து வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். போயே போய்விட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்ஜின் சத்தம் கீழேயிருந்து கேட்டது. ஓடை வழியாக, பாறைகள்மேல், அந்த லாரி மேல்நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தது. ஒரு கல்லில் முன்சக்கரத்தை வைக்கும், யோசிப்பதுபோல நிற்கும், பிறகு அடுத்த கல்லைத் தொடும். அவ்வளவு பெரிய வண்டி அவ்வளவு மெதுவாக நகர்ந்து அவள் பார்த்ததேயில்லை. வந்து காருக்குக் கீழே முட்டுக்கொடுத்ததுபோல நின்று, இரும்புக் கம்பிவடத்தால் காரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகுதான் தீயணைப்புக்காரர்கள் தைரியமாக இறங்கி வந்து தகட்டை வெட்ட ஆரம்பித்தார்கள்.

வெட்டி முடிக்கும்வரை ஓட்டுநர் அவள் பக்க ஜன்னலருகில் மழையில் நனைந்தபடி நின்றார். அவள் பள்ளத்தைப் பார்க்காமலிருக்க வாயைக் கிண்டிக்கொண்டே இருந்தார். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். பல் கட்டுவதாகச் சொன்னாள். உடனே அவர் வாயை ஆவென்று திறந்து மேல்வரிசையில் ஓர் இடைவெளியைக் காட்டினார்.

"இத என்ன பண்ணலாம்? நல்லா பாத்துச் சொல்லு."

உயிர் தொண்டைக்குழியில் நிற்கிற நேரத்தில் அவள் அந்த மனிதரின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். பக்கத்துப் பல் சாய ஆரம்பித்திருக்கிறது, இப்படியே விட்டால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகக் கடிபடாது என்று விளக்கினாள். அவர் விடாமல் கேள்விமேல் கேள்வி கேட்டார். அவள் சொல்லி முடிப்பதற்குள் கணவரை வெளியே எடுத்துவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை. கணவர் எழுந்து நடந்து, நூலகத்துக்குத் திரும்பி, வீடு மறுபடி வீடாவதற்குள் காலம் ஓடிவிட்டது. அந்த மனிதரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தினசரிப் பிழைப்பு விடவில்லை.

பிறகு ஒருநாள் அவர்களுடைய புதுக் கார் கிளம்ப மறுத்தது. இழுத்துப்போக வந்த ஆளிடம், நீலக்கதவு போட்ட ஆரஞ்சு வண்டிக்காரரைத் தெரியுமா என்று அவள் விசாரித்தாள். "நிதானம் அண்ணனா?" என்றார் அவர். எதற்கும் நிதானம், நிதானம் என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டதாம். சர்க்கரை முற்றிப் பாதத்தில் புண் வந்து, முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்துவிட்டார்களாம். அவர் இறங்கியதோடு கம்பெனி அந்த வண்டியையும் ஓரங்கட்டிவிட்டது. அன்றே முகவரி வாங்கிக்கொண்டாள்.

அந்த வார விடுமுறையில் பழம் வாங்கிக்கொண்டு இருவரும் போனார்கள். நிதானத்தின் மனைவி கதவைத் திறந்தார். முன்னறையில் ஜன்னலைப் பார்த்தபடி சக்கரநாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெரிய உடம்பு பாதியாகியிருந்தது. அவள் மலைப்பாதை, மழை, பாறை என்று எல்லாவற்றையும் சொல்லி, குரல் உடைந்து, கும்பிட்டு நின்றாள். அவர் சங்கடமாக மனைவியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதம்மா. எனக்கு உன் முகம் ஞாபகம் இல்ல. எத்தனையோ பேர தூக்கியாச்சு."

காரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னபோதுதான் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. வெள்ளைக் கார், பின் ஆக்சில் உடைந்திருந்தது, ஓடையில் மூன்றாவது பாறை கொஞ்சம் ஆடியது என்றெல்லாம் சொன்னார். ஆட்கள்தான் நினைவில்லை. அவளுக்கு அது ஏமாற்றமாக இல்லை. தன் வாழ்க்கையையே திருப்பிக் கொடுத்த ஒரு மத்தியானம் இந்த மனிதருக்கு வெறும் வேலைநாள் என்பது அவளுக்கு இன்னும் பெரிதாகத் தோன்றியது. பல்லின் இடைவெளி அப்படியே இருந்தது. கட்டித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், விசிலடிக்க அந்தச் சந்து வேண்டும் என்றுவிட்டார்.

சுவரில் லாரியின் படம் மாட்டியிருந்தது. அதைத்தான் அவர் மனைவி காட்டினார். "அதுதான் பெரியவ. நான் சின்னவ. அவளக் கட்டின பிறகுதான் என்னக் கட்டினாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நிதானம் சிரிக்கவில்லை. பெரியவளை உடைக்கப் போகிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடைபெறும்போது கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை தொங்குவதை அவள் பார்த்தாள். உள்ளே செயற்கைக் கால். ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஒரே ஒருதரம் மாட்டிப் பார்த்தார், வலிக்கிறது என்று கழற்றியவர் பிறகு தொடவில்லை, வற்புறுத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று மனைவி வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார். அவளுக்கு அது புரிந்தது. புதுப் பல்செட்டைக் கட்டிய வாரமே கழற்றி மேசை டிராயருக்குள் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. உறுத்துகிறது என்பார்கள். அவர்களிடம் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் ஏறாது. ஏதாவது ஒன்றைக் கடித்துத் தின்றே தீரவேண்டும் என்று ஆசை வந்தால்தான் தானாக டிராயரைத் திறப்பார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் கணவரிடம் சொன்னாள், பெரியவளைச் சின்னதாகக் கட்டி அவர் கையில் கொடுக்கப் போகிறேன் என்று. கணவர் காரின் வேகத்தைக் குறைத்தார். "பல்லு கட்டுறவ லாரி கட்டப் போறியா?" என்று கேட்டார். பிறகு, தன் தம்பியைக் கேள், அவனுக்குத்தான் அந்தப் பைத்தியம் உண்டு என்று வழியும் சொன்னார்.

கொழுந்தன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். விடுமுறை நாளில் அவனைப் போலவே நாலைந்து பேர் சேர்ந்துகொண்டு, ஆற்றங்கரைப் பாறைகளில் பொம்மை வண்டி ஏற்றுவார்கள். நாற்பதை நெருங்குகிற ஆட்கள் தவழாத குறையாக வண்டி பின்னால் போவதைப் பார்த்து அவள் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாள். இப்போது அவளே வந்து கேட்டதும் அவன் கடை ஷட்டரை இழுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

"அண்ணி, இது ரேஸ் கார் இல்ல. இதுல வேகமே கிடையாது. எவ்ளோ மெதுவா போகுதோ அவ்ளோ கெட்டிக்காரத்தனம்."

அவன் சொல்லச் சொல்ல அவளுக்கு அந்த ஓடை கண்முன் வந்தது. சக்கரம் நான்கும் ஒரே சமயத்தில் சுற்ற வேண்டும், ஒன்று அந்தரத்தில் நின்றாலும் மற்றவை இழுக்க வேண்டும். டயருக்குள் காற்று கிடையாது, பஞ்சுதான். கல்லின் மேடுபள்ளத்தை அது உள்ளங்கை மாதிரி கவ்விப் பிடிக்கும். விரலை எடுத்தால் மோட்டாரே பிரேக்காகி, செங்குத்தான சரிவிலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். தன் பழைய வண்டியின் ஆக்சில்களையும் கியர்பாக்ஸையும் அவன் கழற்றிக் கொடுத்தான். இரும்புப் பட்டையை அறுத்துச் சேசிஸ் செய்வது, ஒயர் இணைப்பு, ஸ்டியரிங்கைத் திருப்பும் குட்டி மோட்டார், எல்லாம் தன் பொறுப்பு என்றான். மேல்கூடு அண்ணியின் பாடு.

கம்பெனியின் பின்முற்றத்தில் பெரியவள் துருவேறிக் கிடந்தாள். அவள் அனுமதி வாங்கிக்கொண்டு போய், பல்லை அளக்கும் கருவியால் லாரியை அளந்தாள். காவலுக்கு இருந்தவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கண்ணாடிக்கு மேலிருந்த சின்ன நெளிவு, பம்பரின் வலது மூலையில் ஒட்டுவைத்த தழும்பு, இருக்கையின் கிழிசல், கதவுக் கைப்பிடியில் சுற்றியிருந்த ரப்பர், ஒன்றையும் விடவில்லை. திரும்பிவரும்போது ஓட்டுநர் இருக்கையில் ஒரு நிமிடம் ஏறி உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் வண்டியின் மூக்கு தெரிந்தது, அதற்குக் கீழே தரை தெரியவேயில்லை. அன்றைக்கு அந்த மனிதர் ஒரு பாறையைக்கூடக் கண்ணால் பார்த்து ஏறவில்லை, உடம்பால் உணர்ந்துதான் ஏறியிருக்கிறார் என்பது அவளுக்கு அங்கேதான் உறைத்தது. உட்கார்ந்தபடியே கொஞ்சம் அழுதாள். காவல்காரர் நாசூக்காக வேறுபக்கம் பார்த்தார்.

மேல்கூட்டைத் தனக்குத் தெரிந்த வழியில்தான் செய்தாள். மெழுகில் செதுக்கி, பிளாஸ்டரில் அச்செடுத்து, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் பல்செட்டுக்கு ஊற்றும் அக்ரிலிக்கை நிரப்பி வேகவைத்தாள். கூடத்து முதலாளி, வேலை கெடாத வரைக்கும் எதை வேண்டுமானாலும் வேகவைத்துக்கொள் என்று சொல்லியிருந்தார். அச்சை உடைத்தபோது உள்ளேயிருந்து லாரி வந்தது, அச்சு அசலாக, ஈறு நிறத்தில். பல்செட் அக்ரிலிக் அந்த நிறத்தில்தானே வரும். அதைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். கணவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது மலை ஏறாது. மென்னு தின்னுடும்" என்றார்.

பக்கக் கண்ணாடிகளுக்கு, பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டி வட்டக்கண்ணாடி ஒன்றை வெட்டிப் பொருத்தினாள். பல்லுக்குக் கிளிப் போடும் முறுக்குக் கம்பியே தூக்குவடமாயிற்று. கொக்கியை, பல்செட்டின் உலோகத் தகட்டை வார்ப்பது போலவே உருக்கி வார்த்தாள். நகத்தளவு கொக்கி, ஒரு கிலோ கல்லைத் தூக்கியது. கொழுந்தன் அதைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காட்டினான்.

வண்டியை முதன்முதலாக ஆற்றங்கரையில் ஏற்றிப் பார்த்தார்கள். முதல் கல்லில் ஏறியது. இரண்டாவது கல்லில் மூக்கைத் தூக்கி, அப்படியே பின்பக்கமாக மல்லாந்து விழுந்தது. திரும்ப வைத்தார்கள், திரும்ப மல்லாந்தது. கொழுந்தனின் கூட்டாளிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அண்ணி, தலைக்கனம் ஆகாது" என்றான் கொழுந்தன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. "வண்டியத்தான் சொன்னேன்."

அவள் மேல்கூட்டை வீட்டுக்கு எடுத்துவந்து உட்புறமாகச் சுரண்ட ஆரம்பித்தாள். மேலண்ணத்தில் ஒட்டும் தகடு கனமாக இருந்தால் பேச்சு குழறும். அதைக் காகிதம் போல மெலிதாக்கத் தெரிந்த கைதான். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபுறம் விரல் நிழல் தெரியும்வரை சுரண்டினாள். முன்சக்கரங்களுக்குள் ஈயப்பட்டை சுற்றி, பாரத்தைக் கீழேயும் முன்னேயும் கொண்டுவந்தான் கொழுந்தன். பேட்டரியை முன்பக்கம் தள்ளினான். அடுத்த விடுமுறையில் அதே கல்லில் வைத்தபோது வண்டி முன்சக்கரத்தை ஊன்றியது, கொஞ்சம் யோசித்தது, ஏறியது. அவளுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கூட்டாளிகளில் ஒருவர் தன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, இவ்வளவு நிதானமாகப் போகிற வண்டியை இந்தக் கரையில் பார்த்ததில்லை என்றார்.

ஆரஞ்சும் நீலமும் பூசி, தழும்பை வரைந்து, துருவைக்கூடப் புள்ளி புள்ளியாக வைத்து முடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மூவரும் நிதானத்தின் வீட்டுக்குப் போனார்கள்.

அவர் மடியில் வைத்து அவளே துணியை விலக்கினாள். அவர் நீலக்கதவை விரல்நுனியால் திறந்தார், மூடினார். பம்பர்த் தழும்பைத் தடவினார். அவர் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றார். கொழுந்தன் ரிமோட்டை நீட்டி, எதை அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல ஆரம்பித்தான். நிதானம் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா எடுத்துட்டுப் போயிடு. கால் இல்லாதவன் மடியில ஓடுற வண்டி எதுக்கு?"

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் வலித்தது. மனைவிதான் வண்டியை வாங்கி அலமாரிமேல் வைத்தார், இருக்கட்டும் என்று கண்ணாலேயே ஜாடை காட்டினார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். காரில் அவள் தன்னையே நொந்துகொண்டாள். நன்றி சொல்லப் போகிறேன் என்று அவர் இழந்ததையெல்லாம் பொடிசாகச் செய்து மடியில் வைத்துவிட்டு வந்தோமே என்று நினைத்துக் கூசினாள். கணவர் கியரிலிருந்து கையை எடுத்து அவள் கைமேல் வைத்தார்.

"நீ செஞ்சது தப்பில்ல. அவருக்கு நேரம் ஆகும், அவ்வளவுதான். என் காலும் எத்தன நாள் என் பேச்ச கேக்கல?"

சில வாரங்கள் ஒரு சத்தமும் இல்லை. ஒருநாள் கூடத்தில் அவள் மெழுகு வைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. எடுத்தாள். யார் என்ன என்று எதுவும் சொல்லாமல் எதிர்முனை பேசியது.

"கொக்கி தப்பா இருக்கு."

"அண்ணே?"

"கொக்கி வாய் வெளிய பாக்குது. உள்ள பாக்கணும். இல்லன்னா இழுக்கும்போது கழண்டுக்கும். யாரு சொல்லிக் கொடுத்தா உனக்கு?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கம்பெனியில் கிடக்கிற வண்டியில் கொக்கியே இல்லை, படத்தில் அந்தப் பக்கம் தெரியவில்லை அண்ணே என்று சொல்லிப் பார்த்தாள். படத்தைப் பார்த்தால் எப்படி, என்னைக் கேட்டிருக்க வேண்டாமா என்று அவர் போனை வைத்துவிட்டார்.

நடந்தது என்னவென்று அவர் மனைவி பிறகு சொன்னார். ஒருநாள் அந்த அம்மா கடைக்குப் போய்விட்டு வந்தபோது அலமாரியில் வண்டி இல்லை. கட்டிலுக்கடியிலிருந்து மோட்டார் சத்தம் வந்தது. நிதானம் அதைக் கைத்தடியால் தட்டி இறக்கியிருக்கிறார். அன்று தொடங்கியதுதான். முதலில் தரை, பிறகு வாசற்படி, பிறகு வீட்டிலிருந்த தலையணை, போர்வை, செருப்பு எல்லாவற்றையும் குவித்து ஒரு மலை. மாத்திரை அட்டையைப் பின்னால் ஏற்றி அடுப்படியிலிருந்து வரவழைக்கிறார். தலையணை கேட்டால், பெரியவள் இறங்கட்டும் தருகிறேன் என்கிறார். "இந்த வீட்டுல எனக்கு மறுபடியும் சக்களத்தி வந்துட்டா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனிலேயே அழுதார்.

கொக்கியைத் திருத்தி எடுத்துக்கொண்டு, அவரையும் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார்கள். சக்கரநாற்காலி கரையோர மண்பாதை முடிகிற இடம்வரைதான் போனது. அதற்கு மேல் கல். அங்கேயே நின்று அவர் வண்டியை அனுப்பினார். முதல் பாறை, இரண்டாவது பாறை என்று அது ஏறிய அழகைப் பார்த்து, கொழுந்தனின் கூட்டாளிகள் தங்கள் வண்டிகளை நிறுத்திவிட்டு வந்து கூடினார்கள். காலால் பெடல் மிதித்து ஆயுள் முழுக்கச் செய்த வேலையை இப்போது ஒரு விரல் செய்தது. விரலுக்கு அது உடனே பிடிபட்டிருந்தது. மேலே போன வண்டி ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் திரும்பியது. அவர் பார்வையில் படவில்லை. சத்தத்தை வைத்துத் திருப்பிப் பார்த்தார். சக்கரம் வீணாகச் சுற்றுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

கொழுந்தன் எடுத்துவர ஓடினான். நிதானம் அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களெல்லாம் தங்கள் வண்டிக்குப் பின்னாலேயே கல்லுக்குக் கல் கால் மாற்றி நடந்து, குனிந்து, சக்கரம் எங்கே ஊன்றுகிறது என்று பார்த்து ஓட்டுவதையும் பார்த்தார். அவள் பக்கத்தில்தான் நின்றாள். ஏதாவது சொல்லலாம் என்று நாக்குவரை வந்தது. டிராயருக்குள் கிடக்கும் பல்செட்டுகளை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அவர் தன் மனைவியிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"அந்தக் கால் குடுத்தாங்களே, அந்த ஆஸ்பத்திரி திங்கக்கிழமை திறந்திருக்குமா?"

மனைவி வெளியே பார்த்தபடி, திறந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் காரியம் கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பின்சீட்டில் அந்த அம்மாவின் கை அவள் கையைத் தேடிவந்து பிடித்துக்கொண்டது. வீடு வரும்வரை விடவில்லை.

அது லேசில் நடந்துவிடவில்லை. கால் பொருந்தாமல் திருப்பிக் கொடுத்து, வேறு உறை போட்டு, தோல் உரிந்து, கோபத்தில் சுவரில் வீசி, மறுநாள் தானே எடுத்து மாட்டி, கம்பியைப் பிடித்து நடந்து பழகினார். இடையில் இரண்டு தரம், இதெல்லாம் எனக்கு ஒத்துவராது என்று அவளிடம் போனில் சொன்னார். அவள் உறுத்துகிற இடத்தைப் பற்றி மட்டும் விசாரித்தாள். எங்கே வலிக்கிறது, உட்காரும்போதா நடக்கும்போதா, அந்த இடத்தைக் காட்டித் தேய்த்துத் தரச் சொன்னீர்களா என்று. அது அவளுக்குத் தெரிந்த பாஷை. அவரும் போய்க் காட்டினார்.

குளிர் விட்டு வெயில் ஏறிய ஒரு காலையில், ஆற்றங்கரையில் பெரியவர்களும் பொம்மைகளுமாக ஒரே கூட்டம். கரையோரம் விரித்த பாயில் அவளும் நிதானத்தின் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கணவர் மரத்தில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். மேலே பாறைகளுக்கு நடுவே நிதானம் ஒரு கையில் கோலும் மறுகையில் ரிமோட்டுமாக நின்றார். யாரோ ஒருவருடைய வண்டி இடுக்கில் சிக்கியிருந்தது. அதைத் தூக்கப் பெரியவளை அனுப்பியிருந்தார். கையாலேயே எடுத்துவிடலாம், ஆனால் எடுக்க யாரையும் விடவில்லை. குனிந்து பார்த்தார், ஒரு கல் தாண்டிப் போனார், இன்னொரு கல் தாண்டினார். தான் எவ்வளவு மேலே வந்துவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை. அவர் மனைவி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"இப்பெல்லாம் வீட்டுல என்கூட சண்ட போடுறாரு. உப்பு கம்மின்னு தட்டத் தள்ளுறாரு. ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருந்தாரே, அப்ப ஒரு குறையும் சொல்ல மாட்டாரு. எதைப் போட்டாலும் சாப்பிடுவாரு. அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு." ஃபிளாஸ்க்கை மூடினார். "உனக்கு நான் என்ன செய்யப் போறேன்னு தெரியல தாயி."

அவள் மரத்தடியில் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தாள். "நீங்க டீ குடிங்கக்கா, ஆறிடும்" என்றாள்.

மேலேயிருந்து கைதட்டல் கேட்டது. சிக்கிய வண்டி வெளியே வந்துவிட்டிருந்தது. அடுத்த நிமிடம் பெரியவள் பாறை உச்சியில் அசையாமல் நின்றுவிட்டாள். பேட்டரி தீர்ந்துவிட்டது. கொழுந்தன் எடுக்கப் போனான், நிதானம் கோலால் அவனைத் தடுத்தார். தானே ஏறி, வண்டியைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்து இறங்கி வந்தார். வருகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். வண்டி கட்டத் தெரிந்தவளுக்கு உபரி பேட்டரி ஒன்று எடுத்துவரத் தெரியாதா, இத்தனை பேர் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறீர்களே ஒருவருக்காவது பொறுப்பு இருக்கிறதா என்று.

அவள் எழுந்து எதிரே போனாள். "தப்புதான்ணே, அடுத்த தடவ ரெண்டு எடுத்துட்டு வரேன்" என்று சொல்லி, அவரிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டாள். மோட்டார் இன்னும் சூடாக இருந்தது.